மஞ்சப் பையைத் தூக்கிப் போட்டேன்!

வீட்டை ஒழித்து அடுக்குவது பற்றி நம் பகுதியில் அடிக்கடி குறிப்புகள் வருகின்றன. நானும் கத்தரித்து வைக்கிறவள்தான். (அப்படிக் கத்தரித்த காகிதங்களே ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது, அது வேறு கதை.) ஆனால் புத்தகத்தைப் பார்த்து வீட்டை ஒழிக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் எழுதவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருவொற்றியூர் மேற்குப் பக்கம், பக்கிங்காம் கால்வாய்க்கு நடந்து போகிற தூரம். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. நான், வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பிள்ளைகள். கடல் காத்துக்கு பீரோ துருப்பிடிக்கும். கண்டெய்னர் லாரிப் புழுதியைக் காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். இந்த ஊரில் குடித்தனம் செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

2023 டிசம்பர் 4-ந்தேதி மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தது. 2015-லும் வந்ததுதான். ஆனால் அது வெறும் தண்ணீர். இந்த முறை எண்ணெய் கலந்த தண்ணீர். கருப்பாக, வழவழவென்று, மூக்கை வைக்க முடியாத நாற்றத்தோடு. வடிந்த பிறகு சுவரைச் சுற்றி ஒரு கருப்புக் கோடு. கட்டிலுக்கு அடியில், அலமாரியின் கீழ்த் தட்டில் இருந்ததெல்லாம் போச்சு. சோப்புத்தூள் போட்டு எத்தனை தரம் அலசினாலும் துணியில் அந்த வாடை போகவில்லை. பிள்ளைகளின் ஸ்கூல் பை, என் தையல் மெஷினின் கீழ்ப்பாகம், இரண்டு தலையணை, ஒரு மூட்டை அரிசி, எல்லாம் தெருவுக்குப் போனது.

அந்த நேரத்தில்தான் பெரம்பூரில் இருக்கும் என் அக்கா மகள் வந்தாள். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்களோடு தங்கி, கூடமாட உதவி செய்தாள். "சித்தி, போனது போகட்டும். மிச்சம் இருக்கிறதையாவது சரியா அடுக்குவோம்" என்று ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தாள். மேரி கோண்டோ என்ற ஜப்பான்காரம்மா எழுதியது. 2014-ல் இங்கிலீஷில் வந்து உலகம் முழுக்க விற்றதாம். 2019-ல் நெட்ஃபிளிக்ஸிலும் தொடராக வந்தது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள் அதைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்வாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பேன். மாமியார் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டிருப்பார்.

அதில் சொல்லியிருப்பது இதுதான். ரூம் ரூமாக ஒழிக்கக் கூடாது, வகை வகையாக ஒழிக்க வேண்டும். முதலில் துணி, அப்புறம் புத்தகம், அப்புறம் காகிதம், பிறகு சில்லறைச் சாமான், கடைசியில்தான் ஞாபகார்த்தமாக வைத்திருப்பவை. வீட்டில் இருக்கும் துணியை எல்லாம் ஒரே இடத்தில் குவிக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது மனசுக்குச் சந்தோஷம் தருதா என்று பார்க்க வேண்டும். தந்தால் வைத்துக்கொள்ளலாம். தராவிட்டால் அந்தப் பொருளுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும்.

நன்றி சொல்கிற இடம் வந்ததும் மாமியார் வாயைத் திறந்தார். "இதச் சொல்ல ஜப்பான்லருந்து வரணுமா? ஆயுத பூஜைக்கு அருவாமனைக்குப் பொட்டு வெக்கிறோமே, அது இன்னா?" என்றார். நியாயம்தான்.

சரி, துணியைக் குவித்தோம். கட்டில் நிறைந்து தரைக்கு வந்தது. வெள்ளத்துக்குத் தப்பியதே இவ்வளவா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. என் சேலை மட்டும் 41. மாற்றி மாற்றிக் கட்டுவது ஒன்பதோ பத்தோதான். பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுத்த வேட்டி சேலை பிரிக்காமல் நாலு வருஷத்தது. அப்புறம் ரவிக்கைத் துணி, 23! தோழிகளே, உங்கள் வீட்டிலும் எண்ணிப் பாருங்கள். வெற்றிலைப் பாக்கோடு வைத்துக் கொடுத்தது. தைக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அடுத்த விசேஷத்தில் வேறு ஒருத்திக்கு வைத்துக் கொடுப்போம். அதில் ஒரு பச்சைத் துணி நான் கொடுத்து, ஊரெல்லாம் சுற்றி, என்னிடமே திரும்பி வந்திருந்தது. ஓரத்து மைக்கறையை வைத்துக் கண்டுபிடித்தேன்.

துணி விஷயத்தில் புத்தகம் உதவியது உண்மை. மடித்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் நிற்கிற மாதிரி நிறுத்தி வைக்கச் சொல்கிறது. பிள்ளைகளின் டி-ஷர்ட், உள்ளாடை, என் நைட்டி எல்லாவற்றையும் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிகளில் அப்படி நிறுத்தினேன். ஒன்றை உருவினால் மற்றது கலையாது. என் பையன் கூட கலைக்காமல் எடுக்கிறான். ஆனால் அட்டைப் பெட்டி எங்கள் ஊர் ஈரத்துக்கு இரண்டு மாதத்தில் நமத்துப் போய்ப் பூசணம் பிடித்துவிட்டது. பிறகு ஐஸ்கிரீம் டப்பாவும், மூடி உடைந்த பிளாஸ்டிக் டப்பாவும் அந்த வேலைக்கு வந்தன. பட்டுச் சேலைக்கு அந்தம்மா சொல்வது ஆகாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் இருந்தால் ஜரிகை அந்த இடத்திலேயே ஒடிந்துவிடும். இது என் அம்மா சொன்னது.

தூக்கிப் போடுவது என்பதும் அவ்வளவு லேசில்லை. வடசென்னையில் தூக்கிப் போட்டால் அது எங்கே போகும்? கொடுங்கையூருக்குத்தான் போகும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்த மலையில் என் வீட்டு மூட்டையும் ஒன்றாகிவிடும். போகிக்குக் கொளுத்தலாம் என்றால் அதுவும் பாவம். 2018 போகி அன்று புகையில் விமானமே இறங்க முடியாமல் திருப்பி விட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? இப்போது போகிக்கு முன்னாடியே பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கை எல்லாம் எரிக்காமல் துப்புரவுத் தொழிலாளர்களிடம் கொடுத்துவிடச் சொல்லி மாநகராட்சியே கேட்கிறது. நாங்கள் கட்டக்கூடிய நிலையில் இருந்த சேலைகளை, வெள்ளத்தில் எங்களைவிட அதிகம் இழந்தவர்களுக்குக் கொடுத்தோம். கிழிந்தவை கால்மிதியும் கரித்துணியும் ஆயின. இரண்டு பழைய பட்டுச் சேலைக்கு பாத்திரக்காரம்மா ஒரு எவர்சில்வர் குண்டான் கொடுத்தார். ஒரு பொருளைக் குறைக்கப் போய் இன்னொரு பொருள் உள்ளே வந்தது என்று அக்கா மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

லீவு முடிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். அதற்குள் எனக்குக் கை துறுதுறுவென்று ஆகிவிட்டது. இந்த வேலையில் ஒரு போதை இருக்கிறது, செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தட்டு காலியானால் அடுத்த தட்டைப் பார்க்கச் சொல்லும்.

அடுத்த வகை காகிதம். காகிதத்துக்குப் புத்தகம் சொல்வது ரொம்பச் சுருக்கம். கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்கிறது! 2024 போகிக்கு மூன்று நாள் முன்னால் நான் பரணில் ஏறினேன். பழைய கரண்ட் பில், பிள்ளைகளின் எல்.கே.ஜி. நோட்டு, மிக்ஸி வாங்கிய அட்டை, அத்தனையும் இறக்கினேன். பின்னால், 2006-க்குப் பிறகு அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டி.வி.க்குப் பின்னால், ஒரு மஞ்சப் பை. யாரோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. உள்ளே மக்கிப்போன காகிதங்கள். கையில் எடுத்தேன். சந்தோஷம் தருதா? தும்மல்தான் வந்தது. நன்றி சொன்னேன். பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுத்தார். கிலோ 12 ரூபாய், 11 கிலோ, 132 ரூபாய். அன்றைக்குப் பரண் பளிச்சென்று இருந்தது. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம். மாமியாரின் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். பி.எஃப். குடும்பப் பென்ஷன், வருஷத்துக்கு ஒரு தரம் கொடுத்தே ஆக வேண்டும். "பரண் மேல மஞ்சப் பையில மாமாவோட ஆர்டர் இருக்குது, எடுத்துக்குடும்மா" என்றார்.

எனக்கு அடி வயிறு கலங்கியது.

மாமனாரின் பென்ஷன் ஆர்டர், 2016-ல் வாங்கிய இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லாம் அதில்தான் இருந்திருக்கிறது. இரண்டு வெள்ளத்துக்குத் தப்பிய மஞ்சப் பை என் கைக்குத் தப்பவில்லை. பேப்பர்காரரைத் தேடிப் பிடித்தேன். "அண்ணே, அந்த மஞ்சப் பை..." என்றதும் அவருக்கே பாவமாகிவிட்டது. காயலாங்கடைக்குக் கூட்டிப் போனார். அங்கே காகிதம் எல்லாம் கட்டுக் கட்டாக லாரி ஏறி நாலு நாள் ஆகியிருந்தது.

ஆனால் தோழிகளே, காகிதத்தை எப்படியோ மீட்டுவிட்டோம். இது உங்களுக்கும் பயன்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். பென்ஷன் ஆர்டர் எண்ணை, பென்ஷன் வரவாகும் பேங்க் கணக்கு எண்ணை வைத்து பி.எஃப். நிறுவனத்தின் இணையதளத்திலேயே கண்டுபிடிக்கலாம். அக்கா மகள் போனிலேயே பார்த்துச் சொல்லிவிட்டாள். திருவொற்றியூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால், மாமனாரின் இறப்புச் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலிருந்து காசு இல்லாமல் எடுத்துக்கொண்டோம். வாரிசுச் சான்றிதழுக்குத்தான் மறுபடி மனுப் போட்டு அலைந்தோம். கிடைத்தது.

கிடைக்காதது ஒன்று. பையின் அடியில், ஒரு கைக்குட்டையில் முடிந்து, மாமனாரின் டோக்கன் இருந்திருக்கிறது. பித்தளை வில்லை, நடுவில் ஓட்டை, நாலு எண். ஃபேக்டரியில் ஷிஃப்டுக்குப் போகும்போது கேட்டில் கொடுக்கிற டோக்கன். முப்பது வருஷத்துக்கு மேல் அவர் விரலில் தேய்ந்தது. ரிட்டயர் ஆன அன்று அதைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல், தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி, அதற்கு அபராதமும் கட்டிவிட்டு, இடுப்பு மடிப்பில் சொருகி வீட்டுக்குக் கொண்டு வந்தாராம். எனக்கு இந்தக் கதையே அன்றைக்குத்தான் தெரியும். இந்த வீட்டுக்கு வாழ வந்து இத்தனை வருஷத்தில் ஒரு தரம் கூடக் காதில் விழுந்ததில்லை, நானும் கேட்டதில்லை.

காயலாங்கடையில் பித்தளைக் குவியலைக் கிளறினேன். குழாய், திருகு, உடைந்த விளக்கு. டோக்கன் இல்லை.

மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் காபி கொடுக்கும்போது, "உனக்கு சந்தோசம் தரலன்னா என்னியக் கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கடற்கரை ஓரம் பட்டினத்தார் சமாதி இருப்பது தெரிந்திருக்கும். ஆடி உத்திராடத்தில் குருபூசை நடக்கும். பெரிய வணிகர். வளர்ப்பு மகன் விட்டுப் போன பெட்டியில் காது ஒடிந்த ஊசியைப் பார்த்து, கடைசியில் அதுகூடக் கூட வராது என்று புரிந்து, சொத்து சுகம் அத்தனையும் விட்டவர். அடுத்த வாரம் அங்கே போயிருந்தபோது, மனசை ஆற்றிக்கொள்ள, "அத்தை, எல்லாத்தையும் தூக்கிப் போட்ட மகான் நம்ம ஊர்லயே இருக்காரே" என்றேன். மாமியார் சட்டென்று சொன்னார்: "அவரு தன்னோட சொத்தத்தான் தூக்கிப் போட்டாரு. மாமியாரோடத இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது. அன்றோடு எங்கள் பேச்சு வழக்கமாயிற்று.

இதை அக்கா மகளிடம் போனில் சொன்னபோது அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "ஐயோ சித்தி, அடுத்தவங்க பொருளைக் கேட்காம தூக்கிப் போடக் கூடாதுன்னு அந்தப் புத்தகத்துலயே இருக்கே! அந்தப் பக்கத்தை நான் உங்களுக்குப் படிக்கலையா?" அந்தம்மாவே சின்ன வயசில் வீட்டார் சாமானைச் சொல்லாமல் தூக்கிப் போட்டு மாட்டிக்கொண்டவராம். ஆக, தப்பு புத்தகத்தின் மேல் இல்லை, அரைகுறையாகக் கேட்ட என் மேல். இன்னொன்றும் சொன்னாள். மூணாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைக்கிற வேலையை ஓரளவு விட்டுவிட்டதாக 2023-ல் அந்தம்மாவே ஒத்துக்கொண்டாராம். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குச் சரிப்பட்டு வந்தது, வீட்டுக்காரர் சொன்ன ஒரு யோசனை. அவருடைய கம்பெனியில் ஐந்து எஸ் என்று சுவர் முழுக்க எழுதி வைத்திருப்பார்களாம். அதுவும் ஜப்பான்தான். செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறார். வேண்டாததைப் பிரிப்பது, வேண்டியதை இடம் பார்த்து வைப்பது, சுத்தம் செய்வது, அதை ஒரு முறையாக்குவது, விடாமல் பழக்கமாக்குவது. அதில் வேண்டுமா வேண்டாமா என்று சந்தேகமான சாமானை உடனே தூக்கிப் போட மாட்டார்களாம். சிவப்புச் சீட்டு ஒட்டி, தேதி எழுதி, தனி இடத்தில் வைத்துவிடுவார்கள். குறிப்பிட்ட நாளுக்குள் யாரும் தேடி வரவில்லை என்றால்தான் வெளியே போகும்.

"இது கோர்ட்ல வாய்தா குடுக்கிற மாதிரி இருக்குதே" என்றார் மாமியார். அவருக்குப் பிடித்துப்போனது. அந்த மாசி மாதமே ஒரு பெரிய சாக்கு வாங்கி, ஒரு வருஷம் வாய்தா என்று வைத்தோம். சந்தேகமான எதையும் சிவப்புக் காகிதத்தில் தேதி எழுதி ஒட்டி அதற்குள் போடலாம். யார் வேண்டுமானாலும் போடலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்டுவிட்டு. மாமியார் தன் ஓட்டைப் பித்தளை அண்டாவைத் தானே கொண்டு வந்து போட்டார். இரண்டு மாதத்தில் தானே எடுத்து, ஈயம் பூசுகிறவர் வந்தபோது அடைத்து வாங்கிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு விதி எங்கள் சுவரே சொல்லிக்கொடுத்தது. அந்தக் கருப்புக் கோட்டுக்குக் கீழே முக்கியமான எதுவும் இருக்கக் கூடாது. சுண்ணாம்பு அடித்து மறைத்த பிறகும் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் குடம், பக்கெட், துடைப்பம், செருப்பு. மேலே அரிசி, துணி, பிள்ளைகள் புத்தகம், தையல் மெஷினின் மோட்டார். ஃபிரிட்ஜுக்குக் கீழே நாலு செங்கல். காகிதம் மட்டும் தனி: வீட்டுப் பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பென்ஷன் பேப்பர் எல்லாம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைலில், அந்த ஃபைல் மூடி போட்ட ஒரு பக்கெட்டில், பக்கெட் வாசலுக்கு நேர் மேலே ஷெல்ஃபில். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மூடியின் உள்பக்கம் லிஸ்ட் ஒட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரர் போனிலும் அக்கா மகள் போனிலும் வைத்தாயிற்று. தண்ணீர் வருது என்று தெருவில் சத்தம் கேட்டால் அந்த பக்கெட்டையும் மாமியார் மாத்திரைப் பையையும்தான் முதலில் எடுப்பது என்று பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். மிக்ஜாமுக்கு அரசாங்கம் 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்ததே, அதற்கும் ரேஷன் கார்டைத்தான் கேட்டார்கள். காகிதத்தை எல்லாம் தூக்கிப் போடு என்று ஜப்பானில் சொல்லலாம். இங்கே நம்மால் முடியுமா?

2025 போகி வந்தது. வாய்தா முடிந்தது என்று சாக்கை ஹாலில் கொட்டினோம். வேலை செய்யாத கைக்கடிகாரம், ஒற்றைக் கொலுசு, 14 ரவிக்கைத் துணி, பையனின் உடைந்த கேரம் போர்டு, ஜோடி இல்லாத டிபன் பாக்ஸ் மூடிகள். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று எல்லோரையும் கேட்டேன். கொலுசை மாமியார் எடுத்துக்கொண்டார். மூடிகள் போயின.

அடியில் சிவப்புச் சீட்டு ஒட்டிய ஒரு பொட்டலம். பிரித்தால், நான் மாதக்கணக்கில் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்த அந்த ஜப்பான் புத்தகம்! தேதி மாமியாரின் கோணல் எழுத்தில் இருந்தது.

"சந்தேகமா இருந்துச்சும்மா, அதான் போட்டேன்" என்றார்.

அக்கா மகளின் புத்தகம், அவளைக் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு வருஷம் வாய்தா கொடுத்து மறுபடி சாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருவொற்றியூர்